ஆட்டிசம்: காவிரிக்கரை வாசகர்களுக்கு ஓர் அறிமுகம்

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலுள்ள ஒரு வேறுபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு ஆவணங்களில் இதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்ற தொடர் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பத்திரிகைகளில் ‘மதியிறுக்கம்’ என்ற சொல் வழங்குகிறது. இரண்டும் நல்லெண்ணத்தோடு ஆக்கப்பட்டவைதாம். ஆயினும் முதலாவது, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வெளியுலகமே உறைப்பதில்லை என்று நம்மை நம்ப வைக்கிறது. இரண்டாவது, அதன் அறிவே இறுகிப் போய்விட்டது என்று நம்ப வைக்கிறது. இரண்டும் உண்மைக்குப் பொருந்தாதவை. வெளியுலகம் அளவுக்கு மீறி உறைப்பதே இக்குழந்தைகளில் பலருடைய தொல்லை என்பதைக் கீழே விளக்க முயல்கிறேன். தமிழ்ச்சொல் ஆர்வலர்கள் பொறுத்தருள, பொருத்தமான சொல் கிடைக்கும்வரை ஆட்டிசம் என்ற ஒலிபெயர்ப்பையே கையாளுகிறேன்.

மூலச்சொல்லும் இதே குறையோடு பிறந்ததுதான். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவரான யூஜின் பிளாய்லர், மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதைக் குறிப்பதற்காக, ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர், தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் அச்சொல்லை எடுத்தாண்டபோதுதான் அது இன்றைய பொருளுக்கு நெருங்கி வந்தது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், பேச்சு நன்றாக வந்தும் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். இவ்விருவருக்கும் முன்பே, 1920களில், மாஸ்கோவில் குரூனியா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களைத் துல்லியமாக வருணித்திருந்தார். அவர் பெயர் நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது. இங்கிலாந்தின் லோர்னா விங் 1979இல் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே, இவையெல்லாம் தனித்தனி நோய்கள் என்ற எண்ணம் தளர்ந்து, ஒரே நிறமாலையின் பல நிறங்கள் என்ற பார்வை வலுப்பெற்றது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இவை அனைத்தையும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தது.

நிறமாலை என்றதும், ஒரு முனையில் ‘லேசான’ ஆட்டிசமும் மறு முனையில் ‘கடுமையான’ ஆட்டிசமும் இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆற்றின் அளவுகோலில் நீர்மட்டம் பார்ப்பது போன்ற இந்தக் கணக்கு இங்கே உதவாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும் இடத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும்: ஒவ்வொன்றின் மதகும் தனித்தனியே, தனித்தனி அளவுக்குத் திறக்கப்படுகிறது, ஒன்றில் கரைபுரண்டு ஓடும் நாளில் மற்றொன்று மணல் தெரியக் கிடக்கலாம். அவ்வாறே பேச்சு, பிறர் குறிப்பறிதல், ஒலியையும் தொடுகையையும் தாங்கும் ஆற்றல், மாற்றத்தை ஏற்கும் பழக்கம், நினைவாற்றல் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழந்தையிடமும் வெவ்வேறு அளவில் இருக்கும். ஒரு சொல்லும் பேசாத சிறுமி எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடும். ஆங்கிலப் பாடலை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் சிறுவனுக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாமல் இருக்கக்கூடும்.

இத்தனை வேறுபாட்டுக்கிடையே பொதுவானவை இரண்டு. மற்றவரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் உள்ள வேறுபாடு ஒன்று. திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, மாறாத ஒழுங்கில் பிடிவாதம், புலன்களின் மிகுதி அல்லது குறைவு ஆகியவை அடங்கிய தொகுதி மற்றொன்று. இரண்டும் சேர்ந்து, சிறு வயதிலிருந்தே, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால்தான் மருத்துவர் இப்பெயரைச் சூட்டுவார். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தொற்றுவதில்லை, ஒருநாள் வந்து ஒருநாள் போவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021இல் உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். எனவே டெல்டாவில் ஓரளவு பெரிய எந்த ஊரிலும், பெயர் சூட்டப்பட்டோ சூட்டப்படாமலோ, இவர்களில் சிலர் இருந்தே தீருவார்கள்.

முதல் அடையாளங்கள் பேச்சுக்கும் முந்தியவை என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதைக் கடந்த குழந்தை தாயின் விரல் போகும் திசையில் பார்க்கும், நிலாவைக் காணும், உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். ‘நீயும் பார்த்தாயா’ என்ற வினா அந்தத் திரும்புதலில் இருக்கிறது. சில மாதங்களில் தானே விரல் நீட்டி நாயையும் ரயிலையும் காட்டத் தொடங்கும். ஒரே பொருளை இருவர் சேர்ந்து கவனிக்கும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் மொழி எழுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் இது தாமதமாகவோ அரிதாகவோ தோன்றுகிறது. வேண்டியதை விரலால் சுட்டாமல், அம்மாவின் கையையே ஒரு கருவி போலப் பிடித்து இழுத்துச் சென்று அலமாரியின் மேல் வைக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் ஓசைக்கு ஓடிவரும். காரை ஓட்டி விளையாடாமல் அதன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதினாறு மாதம் வரை ஒரு சொல்லும் வராதிருப்பதும், வந்த சொற்கள் மறைந்துபோவதும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள்.

பேச்சு வந்த பிள்ளைகளிடமும் அது வேறு வழியில் வருவதுண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் ரயிலில் அடிக்கடி போய்வரும் ஒரு சிறுவன், ‘சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோயில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி’ என்று காலை முதல் மாலை வரை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அதைப் பொருளற்ற பிதற்றல் என்று அதட்டுகிறார்கள். எதிரொலிப் பேச்சு எனப்படும் இதற்குப் பெரும்பாலும் பொருள் உண்டு: பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வதாக இருக்கலாம், கலங்கிய மனத்தைத் தானே தட்டிக் கொடுத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தாத வரையில் அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. அம்மா மட்டும் புரிந்துகொள்ளும் இந்த அகராதியை ஆசிரியரும் அண்டை வீட்டாரும் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இந்த அடையாளங்கள் கண்ணில் பட்ட பிறகும் நம் பக்கத்தில் சராசரியாக ஓரிரு ஆண்டுகள் வீணாகின்றன என்பது என் அனுபவத்தில் கண்டது. “ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், அவன் அப்பன் நாலு வயசுலதான் வாய் தொறந்தான்” என்று பாட்டி சொல்வார். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு நாவில் தடவுவார்கள். சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில், சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த ஓசைநாயகியிடம் வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதலில் எந்தத் தவறும் இல்லை. குடும்பத்தின் மனத்துக்கு அது தெம்பு. வேண்டிக்கொண்டுவிட்டோமே என்று காத்திருப்பதுதான் தவறு. ஏனெனில் மூளை வேகமாக வளரும் முதல் ஐந்து ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சி பின்னால் கிடைப்பதைவிடப் பயனுள்ளது. முதலில் செவித்திறன் பரிசோதனை செய்து, காது கேட்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 20 கேள்விகள் கொண்ட முதற்கட்ட வினாப்பட்டியல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது; அது ஐயத்தைக் காட்டுமே தவிர, முடிவைச் சொல்லாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் தயங்காமல் கேட்கலாம். அவர்கள் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் தஞ்சைக்கோ திருச்சிக்கோ வாரம் இருமுறை பேருந்து மாறிப் போவது ஒரு கூலிக் குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை அறிந்தேதான் இதை எழுதுகிறேன். பயிற்சியாளர் செய்வதைக் கவனித்து வந்து, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டிலேயே தொடரும் தாய்மாரின் பிள்ளைகள் முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் எது என்பது அடுத்த கேள்வி. 1977இல் இங்கிலாந்தில் இரட்டையரை வைத்துச் செய்த முதல் ஆய்விலிருந்தே மரபணுக்களின் பங்கு பெரிது என்பது தெளிவாகிவருகிறது. அதுவும் ஒற்றை மரபணு அன்று, நூற்றுக்கணக்கானவை. தாயின் பாசக்குறைவே காரணம் என்று மேலை நாட்டில் ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள்; 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தை, அதை வாதிட்டு வீழ்த்தினார். இங்கே அந்தப் பழி கிரகணத்தன்று வெளியே வந்ததாகவும், வேலைக்குப் போனதாகவும், உருமாறி மருமகள் தலையிலேயே விழுகிறது. தடுப்பூசியால் வந்தது என்ற வதந்திக்கு மூலம் 1998இல் லண்டனில் வெளியான, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது, எழுதிய மருத்துவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். மருந்தால் மாற்றிவிடலாம் என்போரிடம் எச்சரிக்கை தேவை. உடன்வரும் வலிப்பு, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருந்துண்டு, ஆட்டிசத்துக்கென்று மருந்தில்லை. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல் தெரிவித்த பிறகும், நிலத்தை அடகு வைத்து அதற்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன ‘உறைக்கும் உலகம்’. நம் செவியில் ஒரு சல்லடை இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் தவிலும் நாகஸ்வரமும் முழங்க, பாத்திரங்கள் உருள, மின்விசிறி கடகடக்க, பக்கத்தில் இருப்பவர் பேச்சை மட்டும் நாம் பிரித்துக் கேட்கிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சல்லடையின் கண்கள் பெரியவை. எல்லா ஒலியும் ஒரே உரப்போடு ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகிறது. குழல் விளக்கின் நடுக்கம், புதுச்சட்டைக் கழுத்தின் முத்திரைத் துணி, கத்தரிக்காயின் வழவழப்பு ஆகியவற்றுக்கும் இதே கதைதான். வேறு சிலருக்குச் சில புலன்கள் மந்தம்: அடிபட்டாலும் அழாதவர்களும், இறுக்கி அணைத்தால்தான் அமைதியடைபவர்களும் உண்டு. தை மாதம் அறுவடை இயந்திரம் தெருவழியே போகும்போது காதைப் பொத்திக்கொண்டு கட்டிலின் அடியில் புகுந்துகொள்ளும் சிறுவனுக்கு, அவன் சித்தப்பா நினைப்பது போலப் பயமில்லை, வலிக்கிறது.

அந்த வலி எல்லை கடக்கும்போது நிகழ்வது உணர்வுக் கொந்தளிப்பு. பார்ப்பவர்க்கு அது அடம் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. அடம்பிடிக்கும் பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். கொந்தளிக்கும் பிள்ளைக்குப் பார்வையாளர் தேவையில்லை, கேட்டதைக் கொடுத்தாலும் அடங்காது. அந்தப் பிள்ளை நினைத்தாலும் நிறுத்த முடியாது. அடிப்பது, அதட்டுவது, “என்னாச்சு, சொல்லு, சொல்லு” என்று கேட்பது எல்லாம் எரியும் அடுப்பில் விறகு திணிப்பதற்குச் சமம். ஒலியும் ஆளும் குறைந்த இடத்துக்கு அழைத்துச் சென்று, பேசாமல் அருகே இருப்பதே போதும். பேருந்தில் இப்படி ஒரு பிள்ளை அலறும்போது “ஏம்மா, புள்ளைய அடக்க மாட்டியா?” என்று கேட்பவர், ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்திருந்தால் அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

கோயிலும் திருவிழாவும் இல்லாமல் டெல்டா வாழ்க்கை கிடையாது. இக்குழந்தைகளை அவற்றிலிருந்து ஒதுக்கி வைப்பதும் முறையன்று. மாலை நடை திறந்தவுடன், கூட்டம் சேருமுன் போய்வரலாம். தேரோட்டத்தன்று வடம் பிடிக்கும் இடத்தை விட்டு, நான்கு வீதியும் கூடும் முனைக்குத் தொலைவில் ஒரு தெரிந்த வீட்டுத் திண்ணையில் இருத்தலாம். எங்கே போகிறோம், என்ன ஓசை கேட்கும், எப்போது திரும்புவோம் என்பதை முந்தின நாளே படமாகக் காட்டினால், எதிர்பாராமையின் சுமை பெரிதும் குறையும். காதடைப்பான் அணிவதை வேடிக்கை பார்க்காதிருப்பது ஊராரின் பங்கு. ஒலிபெருக்கி கட்டுவோரின் பங்கு இன்னும் பெரியது: 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே எல்லை. கிராமத்தில் யாரும் டெசிபல்மானி வைத்திருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கூம்பு ஒலிபெருக்கியின் வாயை எந்த வீட்டுப் பக்கம் திருப்பக்கூடாது என்பது விழாக்குழுவுக்கு நன்றாகவே தெரியும்.

வெளியூர்க் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடும், நமக்கோ உயிர்ப்பிரச்சினையான ஒன்று நீர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் நீரால் ஈர்க்கப்படுகிறார்கள். அதன் அசைவும் மினுக்கமும் தொடுகையும் அவர்களுக்கு இதம். அதே குழந்தைகளிடம் சொல்லாமல் வீட்டை விட்டு நழுவும் பழக்கமும் மிகுதி: 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையேனும் அவ்வாறு முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். இவ்விரண்டும் சேரும் இடத்தில் ஆழத்தைப் பற்றிய அச்சமும் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நீர் இருப்பு அனுமதிக்கும் ஆண்டுகளில் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்பட்டு, சில நாட்களில் கல்லணை கடந்து, வெட்டாறும் அரசலாறும் பாமணியாறும் நிறையும்போது, மே மாதம் முழுவதும் அந்தப் பிள்ளை மணலில் விளையாடிய அதே வாய்க்கால் ஒரே வாரத்தில் ஆளை இழுக்கும் வாய்க்காலாகிவிடுகிறது. மாற்றத்தை ஏற்கத் தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டை ஆபத்து. நேற்று நடந்த இடத்தில்தான் இன்றும் நடப்பான்.

ஆகவே தண்ணீர் திறக்கும் செய்தி வந்த அன்றே செய்ய வேண்டியவை உள்ளன. கொல்லைப்புறக் கதவுக்கு, பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட வேண்டும். கதவில் ஒரு மணி கட்டலாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணைச் சட்டையில் தைக்கலாம். படித்துறைக்கு எதிரே கடை வைத்திருப்பவர், கரையில் ஆடு மேய்ப்பவர், மதகைத் திறந்து மூட வரும் லஸ்கர் ஆகியோரிடம் பிள்ளையைக் காட்டி, பெயர் சொன்னால் திரும்ப மாட்டான், கையைப் பிடித்து நிறுத்துங்கள் என்று சொல்லி வைக்க வேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்றால், உறவினர் வீடுகளில் தேடும் முன் அருகிலுள்ள குளத்தையும் வாய்க்காலையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நீச்சல் கற்றுக்கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது. நீரை விரும்பும் பிள்ளைகள் ஆதலால் பொறுமையான ஆள் கிடைத்தால் விரைவில் கற்றுக்கொள்வார்கள்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையாகும். ‘எங்கள் பள்ளிக்கு ஒத்துவராது’ என்று திருப்பி அனுப்பும் தலைமையாசிரியர் விதியை மீறுகிறார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் வகுப்பாசிரியரே எல்லாம். அவர் செய்யக்கூடியவை செலவில்லாதவை. அன்றைய பாடவேளைகளைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டலாம். மணியடிக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்காரவைக்கலாம். ‘கொஞ்ச நேரத்தில் தருகிறேன்’ என்பதற்குப் பதில் ‘இந்தக் கணக்கு முடிந்ததும் தருகிறேன்’ எனலாம். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை காத்திருக்கலாம். பேச்சு வராத பிள்ளைக்குப் படஅட்டைகளும், சென்னையில் உருவாகித் தமிழிலும் இயங்கும் ஆவாஸ் போன்ற செயலிகளும் குரலாகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

உடன்படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. தாமே ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இதைத் திருப்பிக் கேட்டார்: அவர்கள் மனம் நமக்குப் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கையில், பாலத்தை ஒரு கரையிலிருந்து மட்டும் கட்டச் சொல்வது எந்த நியாயம்? கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணைப் பார்த்தால் ஆட்டிசம் உள்ள பலரால் காதால் கேட்க முடிவதில்லை. ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளைகள் பலர் தோழியரைப் பார்த்துப் போலச் செய்து தம் தடுமாற்றத்தை மறைத்துவிடுகிறார்கள். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற பழைய கணக்கில் இந்த மறைவுக்கும் பங்குண்டு. ‘அடக்கமான பெண்’ என்று நாம் பாராட்டும் சிலர் மாலையில் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது யாருக்கும் தெரிவதில்லை.

ஆட்டிசம் என்றாலே குழந்தைப் படம் போடுகிறோம். அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2007இல் நிறைவேற்றிய தீர்மானத்தால் 2008 முதல் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாயிற்று. அந்த முதல் ஆண்டில் ஐந்து வயதாயிருந்தவர்கள் இன்று இருபதைக் கடந்துவிட்டார்கள். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 விழுக்காடு உண்டு. ஆனால் இங்குள்ள பலருக்குப் பொருத்தமானது ஒழுங்கும் திரும்பச் செய்தலும் உள்ள உள்ளூர் வேலை: நாற்றங்கால் பைகளில் மண் நிரப்புவது, விதைநெல்லில் பதர் நீக்குவது, நூலகத்தில் எண் வரிசையில் புத்தகம் அடுக்குவது. வேலை தருபவர் ஒருவேளை விளக்கை மாற்ற வேண்டியிருக்கும், கட்டளையை எழுதித் தர வேண்டியிருக்கும், அவ்வளவே.

எங்களுக்குப் பிறகு யார் என்பது எல்லாப் பெற்றோரின் கேள்வி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காகவே வந்தது. அதன் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பயிற்சிச் செலவுகளும் அதில் அடங்கும். பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோரும்கூடச் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்தே அந்த உரிமையைப் பெற வேண்டும். வங்கியில் மகன் பெயரிலுள்ள வைப்புத்தொகையை எடுக்கப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட பிறகே பலர் இதை அறிகிறார்கள். மருத்துவக் குழு 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலின்படி வழங்கும் சான்றிதழும், நாடு முழுதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் கையில் இருந்தால், மகனுக்கோ மகளுக்கோ பதினேழு வயது நடக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.